பாலைவனத்து ஊற்றைப் பார்த்து வாருங்கள்!

(இளைஞர்கள், வணிகர்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வளைகுடாவில் பார்க்க வேண்டியது என்ன?" இதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். வளைகுடாவுக்குப் பார்க்கவா போகிறோம், பிழைக்க அல்லவா போகிறோம் என்று நினைத்திருப்பீர்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

நம் ஊர்களில் 'சபுர்' என்று ஒரு சொல் சொன்னால் போதும்; எந்த நாடு, என்ன வேலை என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. இருபது வருடம், இருபத்தைந்து வருடம் அங்கே உழைத்துவிட்டுத் திரும்பிய ஒரு சபுராளியிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். திர்ஹத்தின் விலை எந்த வருடம் எவ்வளவு இருந்தது என்று சொல்வார். விசாச் சட்டம் எப்போது மாறியது என்று சொல்வார். தேராவில் எந்தக் கடையில் எது மலிவு என்று சொல்வார். அந்த மண்ணின் மக்கள் எண்ணெய் வருவதற்கு முன்னால் எதைத் தின்றார்கள், எங்கே தண்ணீர் எடுத்தார்கள், கிடைத்த கொஞ்சத் தண்ணீரை எப்படிப் பங்கிட்டார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

அவர் மீது குற்றமில்லை. தலைக்கு மேல் கடன், கல்யாணத்துக்குக் காத்திருக்கும் தங்கை, பன்னிரண்டு மணி நேர வேலை, ஒரு அறைக்கு எட்டுப் பேர். கம்பெனி ரூம், டூட்டி, மெஸ், மணி எக்ஸ்சேஞ்ச் என்ற நான்கு சுவருக்குள் அவருடைய வாலிபம் முடிந்துவிட்டது. ஆனால் இன்று புறப்படுகிற இளைஞனுக்கும் அதே நிலைதான் வரவேண்டும் என்று என்ன கட்டாயம்? உன் வயிற்றுக்குச் சோறு போடுகிற மண்ணை ஒரு நாளாவது கண் திறந்து பார்க்க வேண்டாமா? அங்கே கடை வைத்திருக்கிற வணிகரே, உங்கள் வாடிக்கையாளர் யார், அவருடைய பாட்டனார் எப்படி வாழ்ந்தார் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

உயரமான கட்டடம் பார்க்க வேண்டும் என்றால் துபையிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது வேறு ஊர். அதன் பெயர் அல் ஐன்.

ஐன் என்றால் ஊற்று

மதரஸாவில் அலிஃப், பே ஓதிய எந்தப் பிள்ளைக்கும் 'ஐன்' என்ற எழுத்து தெரியும். அரபு மொழியில் ஐன் என்றால் கண். ஊற்றுக்கும் அதே சொல்தான். பாலைவனத்தில் தண்ணீர் கசியும் இடத்தைப் பூமியின் கண்ணாகப் பார்த்திருக்கிறது அந்த மொழி. அந்தப் பெயரையே சுமந்து நிற்கும் ஊர் அல் ஐன்.

ஐக்கிய அரபு அமீரகத்தில், அபுதாபி அமீரகத்தின் கிழக்கு எல்லையில் இருக்கிறது. அபுதாபி நகரிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர். துபையிலிருந்து அதைவிடக் குறைவு. ஒன்றரை மணி நேரப் பயணம். கடல் கிடையாது. ஒரு பக்கம் மணல் மேடு, ஒரு பக்கம் மொட்டை மலை, நடுவிலே பச்சைப் பசேல் என்று பேரீத்தந் தோப்புகள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஓமன் நாட்டின் புரைமி. இன்று இரண்டு நாடுகள், நடுவில் வேலி. ஒரு காலத்தில் ஒன்பது கிராமங்கள் கொண்ட ஒரே சோலை. ஆறு கிராமங்கள் இன்றைய அல் ஐனில், மூன்று ஓமனில்.

அமீரகத்தில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக முதன்முதலில் அறிவிக்கப்பட்டது எது? பளபளக்கும் துபையா? தலைநகர் அபுதாபியா? இல்லை. 2011ஆம் ஆண்டு அந்தச் சிறப்பைப் பெற்றவை அல் ஐனின் பழைய கல்லறைகளும் சோலைகளும் தண்ணீர் வாய்க்கால்களும்தான். அப்படி என்ன இருக்கிறது அந்த வாய்க்காலில்? அதைத்தான் இன்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

எண்ணெய்க்கு முன்னால்

அபுதாபியிலிருந்து முதல் எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது 1962இல். ஏழு அமீரகங்களில் ஆறு சேர்ந்து ஒரு நாடானது 1971 டிசம்பர் 2ஆம் தேதி. ராசல் கைமா அடுத்த ஆண்டு சேர்ந்தது. அதாவது நம்மில் பலருடைய தந்தையார் பிறந்தபோது இன்று நாம் பார்க்கும் செல்வம் எதுவும் அங்கே கிடையாது.

அதற்கு முன் அந்த மக்களிடம் இருந்தவை மூன்று. கடலில் முத்து, மணலில் ஒட்டகம், சோலையில் பேரீத்தமரம். முத்துக் குளித்தலும் 1930களில் படுத்துவிட்டது. ஜப்பான்காரர்கள் செயற்கையாக முத்து வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள்; அதோடு உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. முத்தை நம்பி இருந்த கடற்கரை ஊர்கள் வறுமையில் தவித்தன.

ஆனால் பேரீத்தமரம் கைவிடவில்லை. கோடைக்காலத்தில் கடற்கரைக் குடும்பங்கள் ஒட்டகத்தில் பல நாள் பயணம் செய்து அல் ஐன், லிவா போன்ற சோலைகளுக்கு வந்து சேரும். அதுதான் பழம் பழுக்கும் காலம். தின்றது போக மீதியை உலர்த்தி, ஓலைப் பெட்டியில் அழுத்திக் கட்டி எடுத்துப் போவார்கள். பழம் உணவு. ஓலை வீடு. நார் கயிறு. மட்டை படகு. கொட்டை ஒட்டகத் தீவனம். நம் ஊரில் தென்னைக்கும் பனைக்கும் என்ன மரியாதையோ அந்த மரியாதை அங்கே பேரீத்தமரத்துக்கு.

அல் ஐன் சோலைக்குள் நீங்கள் நடந்து பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மரங்கள் இருப்பதாக அபுதாபி சுற்றுலாத் துறை சொல்கிறது. உயரே பேரீத்தமரம் குடை பிடிக்கிறது. அதன் நிழலில் எலுமிச்சை, மா, அத்தி, வாழை. அதற்கும் கீழே கால்நடைத் தீவனப் புல். ஒரே நிலத்தில் மூன்று அடுக்கு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே நுழைந்தால் நம் ஊர்த் தோப்புக்குள் வந்த குளிர்ச்சி. பாதையின் இரு பக்கமும் மண் சுவர். சுவரோரம் கை அகல வாய்க்கால். அந்த வாய்க்காலுக்குப் பெயர் ஃபலஜ்.

ஃபலஜ் என்னும் ஏற்பாடு

சகோதரர்களே! மழை அபூர்வமான நிலத்தில் வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மலையடிவாரத்தில், நிலத்தடியில் ஈரம் தங்கும் இடத்தைத் தேடி முதலில் ஒரு கிணறு தோண்டுகிறார்கள். அதற்குத் 'தாய்க் கிணறு' என்று பெயர். அங்கிருந்து ஊரை நோக்கிப் பூமிக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டுகிறார்கள். அந்தச் சுரங்கத்துக்கு மிக மிக மெல்லிய சரிவு. சரிவு அதிகமானால் தண்ணீர் அரித்துவிடும், குறைந்தால் தேங்கிவிடும். இடையிடையே காற்றுக்கும் மண் அள்ளுவதற்கும் குழிகள். இப்படிப் பல கிலோமீட்டர் வந்த பின் தண்ணீர் தானாகவே தரைக்கு வருகிறது. ஏற்றம் கிடையாது, கமலை கிடையாது, மோட்டார் கிடையாது. வெயிலில் ஒரு சொட்டும் ஆவியாகாமல் ஊர் வந்து சேர்கிறது.

ஹீலி என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த ஃபலஜ் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமையானது என்கிறார்கள் தொல்லியல் அறிஞர்கள். ஓமன் மக்கள் இந்தச் சுரங்கங்களை ஸுலைமான் நபி அவர்கள் காலத்தோடு சேர்த்துக் கதை சொல்வார்கள். அதனால்தான் இந்த வகை ஃபலஜுக்கு 'தாவூதி' என்று பெயர். அல் ஐன் சோலைக்குத் தண்ணீர் தரும் ஃபலஜ்களில் ஒன்றின் பெயரும் அதுதான். கதை எப்படியோ போகட்டும். கையில் மண்வெட்டியும் விளக்கும் மட்டுமே வைத்துக்கொண்டு அந்தச் சரிவைக் கணக்கிட்ட மனிதர்களை எண்ணிப் பாருங்கள்!

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். தண்ணீர் முதன்முதலில் தரைக்கு வரும் இடத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஷரீஆ'! ஆம், நாம் சட்டத்துக்குச் சொல்கிற அதே சொல். தண்ணீருக்குச் செல்லும் பாதை என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். அந்த இடத்தில் குடிதண்ணீர் மட்டும்தான் எடுக்கலாம். அதற்குக் கீழேதான் பள்ளிவாசலுக்கும் உளூவுக்கும்; அதற்குக் கீழே குளிக்க, துவைக்க; கடைசியாகத் தோட்டத்துக்கு. பணக்காரன் தோட்டம் மேலே இருக்கிறது என்பதற்காக ஏழையின் குடத்தை முந்திக்கொண்டு தண்ணீர் அங்கே திரும்பாது.

தோட்டங்களுக்குள் பங்கு எப்படி? அளவு பார்ப்பது நேரத்தைக் கொண்டு. இத்தனை நாளைக்கு ஒரு முறை, இத்தனை நேரம் உனக்கு. கடிகாரம் இல்லாத காலத்தில் பகலில் நிழலை அளந்தார்கள். இரவில் நட்சத்திரம் உதிப்பதைப் பார்த்தார்கள். முறையைக் கவனிக்க ஊரார் நம்பிய ஒருவர் இருப்பார். அவருக்கு 'அரீஃப்' என்று பெயர். நம் கண்மாய் ஊர்களில் மடை திறக்கும் நீர்க்கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்த வருடத்தில் முதலில் நிறுத்தப்படுவது பருவப் பயிர். மரங்களுக்கு நிறுத்துவதில்லை. பயிர் போனால் ஒரு வருடம். மரம் போனால் ஒரு தலைமுறை!

ஓமன் ஃபலஜ்களில் மற்றொரு வழக்கமும் உண்டு. தண்ணீர் நேரத்தில் சில பங்குகளை ஃபலஜுக்கே ஒதுக்கிவிடுவார்கள். அந்த நேரத்தை ஏலம் விட்டு, வந்த பணத்தில் சுரங்கத்தைத் தூர்வாருவார்கள். பள்ளிவாசலுக்கும் குர்ஆன் பள்ளிக்கும் தண்ணீரையே வக்ஃபு செய்தவர்கள் உண்டு. நமக்கு வக்ஃபு என்றால் நிலமும் கட்டடமும்தான் ஞாபகம் வரும். அரை மணி நேரத் தண்ணீரை வக்ஃபு செய்த ஒரு சமுதாயம் இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2020இல் அமீரகத்தின் ஃபலஜ் அறிவையும் அதன் நியாயமான பங்கீட்டு முறையையும் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாழும் மரபாகப் பட்டியலில் சேர்த்தது.

தண்ணீரை விற்கக் கூடாது என்றவர்

இப்படிச் சொன்னதும் எல்லாம் சமத்துவமாகவே இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பங்கு என்று வந்துவிட்டால் வாங்கவும் விற்கவும் ஆள் வந்துவிடும். அல் ஐனிலும் காலப்போக்கில் தண்ணீர் நேரம் சில செல்வந்தக் குடும்பங்களின் கையில் சேர்ந்தது. ஏழை விவசாயி காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை.

1946இல் அந்தப் பகுதிக்கு ஆளுநராக வந்தவர் ஷேக் ஜாயித் பின் சுல்தான் அவர்கள். பின்னாளில் அமீரகத்தின் முதல் குடியரசுத் தலைவரான அதே ஜாயித்தான். அப்போது அவரிடம் எண்ணெய்ப் பணம் ஒரு காசு கிடையாது. முவைஜிஃ கோட்டைக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து மக்களின் வழக்கைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒட்டகத்தில் பாலைவனத்தைக் கடந்து வந்த ஆங்கிலப் பயணி வில்ஃபிரட் தெசிகர் அவரை அப்படிப் பார்த்ததாகத் தம் நூலில் எழுதியிருக்கிறார்.

அந்த ஜாயித் அவர்கள் செய்த முதல் பெரிய காரியம் என்ன தெரியுமா? தூர்ந்து கிடந்த ஃபலஜ்களைச் சுத்தம் செய்தார். ஸாரூஜ் என்ற புது ஃபலஜை வெட்டத் தொடங்கினார். அந்த வேலை பல ஆண்டுகள் நீடித்தது. தண்ணீர் வியாபாரத்துக்கு முடிவு கட்டினார். தண்ணீர் எல்லாத் தோட்டத்துக்கும் பொது என்றார். உரிமை வைத்திருந்த பெரிய குடும்பங்கள் எளிதில் சம்மதிக்கவில்லை. தம் குடும்பத்துப் பங்கை முதலில் விட்டுக்கொடுத்தார். பிறகுதான் மற்றவர்களிடம் கேட்டார்.

இளைஞர்களே! தலைமை என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது. கேட்பவன் முதலில் கொடுக்க வேண்டும்.

ஆளுக்கொரு மோட்டார்

இனி நான் சொல்லப் போவது கசப்பான பகுதி. இதையும் சொல்லாவிட்டால் இந்த உரை வெறும் புகழ்ச்சியாகிவிடும்.

எண்ணெய்ப் பணம் வந்தது. ஆழ்துளைக் கிணறும் பம்ப்செட்டும் வந்தன. பாலைவனத்தையே பச்சையாக்கலாம் என்ற உற்சாகம் வந்தது. புதிய பண்ணைகள் பெருகின. ஆளுக்கொரு மோட்டார். ஃபலஜ் தானாக வடிவதை மட்டுமே எடுக்கும். பூமி கொடுப்பதற்கு மேல் அதனால் எடுக்க முடியாது. மோட்டாருக்கு அந்த அடக்கம் கிடையாது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது. தாய்க் கிணறுகள் வறண்டன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பஞ்சத்தையும் போரையும் தாங்கிய ஏற்பாடு, ஒரு தலைமுறை மோட்டாரைத் தாங்கவில்லை.

இன்று அல் ஐன் வாய்க்கால்களில் நீங்கள் பார்க்கும் தண்ணீர் பெரும்பாலும் பம்ப் மூலம் விடப்படுவது. நகரத்தின் குடிதண்ணீர், கடல்நீரைச் சுத்திகரித்துக் கிழக்குக் கடற்கரையிலிருந்து குழாயில் வருகிறது. சோலையைக் காக்க அரசு பெரும் பொருள் செலவிடுகிறது, அது பாராட்டுக்குரியது. ஆனாலும் வாய்க்கால் இருக்கிறது, ஊற்று இல்லை!

அல் ஐனுக்குப் போய்விட்டு இதைப் பார்க்காமல் வராதீர்கள். ஏனென்றால் இது தண்ணீரோடு முடிகிற சங்கதி இல்லை. ஒரு கடைத்தெருவில் பத்துக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். பொதுவாக ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை நம்பித்தான் கூட்டம் வருகிறது. ஒருவர் எடையில் கை வைக்கிறார். இன்னொருவர் சரக்கில் கலப்படம் செய்கிறார். அவரவர் கல்லாவில் அன்றைக்குக் காசு கூடும். தெருவின் பெயர் என்ற பொது ஊற்று வற்றிப்போகும். ஊர் ஜமாஅத்தும் அப்படித்தான், பொது நிதியும் அப்படித்தான். ஆளுக்கொரு மோட்டார் வைத்தால் யாருக்கும் தண்ணீர் இருக்காது.

மலையும் கோட்டையும்

அல் ஐனில் இன்னும் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்பீர்கள்.

ஊருக்குத் தெற்கே ஜபல் ஹஃபீத். 1,200 மீட்டருக்கும் அதிக உயரம். புல் பூண்டு அதிகம் இல்லாத சுண்ணாம்புப் பாறை மலை. ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த பாறை என்பதற்குச் சாட்சியாகக் கிளிஞ்சல், சங்கு போன்ற உயிரினங்களின் தடங்கள் அதில் கல்லாகிக் கிடக்கின்றன. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் சாலை உண்டு. மாலையில் ஏறுங்கள். ஒரு பக்கம் மணல் கடல், ஒரு பக்கம் ஊரின் பச்சை. அந்தப் பச்சைத் திட்டு எவ்வளவு சிறியது, சுற்றியுள்ள மணல் எவ்வளவு பெரியது என்பது மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். அடிவாரத்தில் முபஸ்ஸரா என்ற இடத்தில் வெந்நீர் ஊற்று ஓடுகிறது. குடும்பத்தோடு போகிறவர்கள் காலை நனைத்து உட்காரலாம்.

அதே மலையடியில் தேன்கூடு போலக் கல் அடுக்கிக் கட்டிய கல்லறைகள் இருக்கின்றன. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுப் பழமை. 1959இல் டென்மார்க்கிலிருந்து வந்த அகழ்வாய்வாளர்கள் அபுதாபி அருகே ஒரு தீவில் தோண்டிக்கொண்டிருந்தபோது, இதுபோல எங்கள் பக்கத்திலும் இருக்கின்றன என்று அவர்களை அல் ஐனுக்கு அழைத்தவர் ஷேக் ஜாயித் அவர்கள்தான். பள்ளிக்கூடப் படிப்பு இல்லாத மனிதர். தம் மண்ணின் கல்லை அடையாளம் தெரிந்தவர்.

1890களில் கட்டப்பட்ட ஜாஹிலி கோட்டையைப் பாருங்கள். மண் கல்லாலும் பேரீத்தந் தண்டாலும் எழுந்த கோட்டை. தெசிகர் எடுத்த பழைய புகைப்படங்களை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வறுமைக் காலத்து முகங்களை அந்தப் படங்களில் பாருங்கள். ஷேக் கலீஃபா பள்ளிவாசல் எழுந்த இடத்தில் நடந்த அகழ்வில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையான பள்ளிவாசலின் அடித்தளம் கிடைத்தது. அதையொட்டியும் ஃபலஜ்தான்! தொழுகைக்குத் தண்ணீர், தண்ணீருக்கு ஊர் ஒற்றுமை.

ஒட்டகச் சந்தைக்கும் போகலாம். வியாபாரிகள் கையைப் பிடித்து இழுத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள்; பிறகு காசு கேட்பார்கள். முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நம் ஊர் மாட்டுச் சந்தை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஒரு கோப்பை கஹ்வா

இனி உணவு. வளைகுடாவில் இருபது வருடம் இருந்தும் புரோட்டாவும் பிரியாணியும் மட்டுமே தின்று திரும்பியவர்கள் உண்டு. அரபு வீட்டுச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று ஒருமுறை ருசித்துப் பாருங்கள்.

ஹரீஸ் என்ற உணவு கோதுமையும் இறைச்சியும் மட்டும்தான். மணிக்கணக்காக வெந்து, இடித்து மசித்து, மேலே நெய் ஊற்றித் தருவார்கள். ரமழானிலும் கல்யாணத்திலும் இதுதான் முதலிடம். நம் ஊர் நோன்புக் கஞ்சியைப் போலவே ஊரே கூடிச் சமைத்து அண்டை வீட்டுக்கும் கொடுத்தனுப்பும் உணவு. 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் இதற்கும் இடம் கிடைத்தது. மச்பூஸ் என்பது இறைச்சியும் அரிசியும் சேர்ந்தது; காய்ந்த கருப்பு எலுமிச்சைதான் அதன் வாசனை. லுகைமாத் என்ற உருண்டையைப் பேரீத்தம் பாகில் புரட்டித் தருவார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கஹ்வா. சர்க்கரை இல்லாத காப்பி, கூடவே பேரீத்தம்பழம். சின்னக் கோப்பையில் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். கஞ்சத்தனம் என்று எண்ணாதீர்கள். சூடு ஆறாமல் மீண்டும் மீண்டும் ஊற்றுவதுதான் உபசாரம். வலது கையால் வாங்குங்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுங்கள். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்!

வணிகப் பெருமக்களே! அந்தக் கோப்பையை முகர்ந்து பாருங்கள். காப்பியை முந்திக்கொண்டு வருவது ஏலக்காய் மணம். நம் மேற்கு மலைச் சரக்கு. போடிநாயக்கனூரில் இன்றும் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. நூற்றாண்டுகளாக அரபு நாட்டுக் காப்பிக்கு மணம் கொடுத்தது இந்த மலைகள்தான். ஆனால் இன்று உலகிலேயே அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்வது எந்த நாடு தெரியுமா? குவாதமாலா. மத்திய அமெரிக்காவில், கடலுக்கு அப்பால் இருக்கும் சின்ன நாடு. அந்த மக்கள் ஏலக்காயைத் தங்கள் சமையலில் சேர்ப்பதுகூட அபூர்வம். அரபியின் கோப்பையைக் குறிவைத்துப் பயிரிட்டார்கள், சந்தையைப் பிடித்தார்கள். பழைய உறவு ஒன்று மட்டுமே வியாபாரத்தைக் காப்பாற்றாது. சரக்கின் தரமும் விலையும் பேச வேண்டும். இந்தப் பாடத்தை ஒரு கோப்பை கஹ்வா சொல்லித் தருகிறது.

பேரீத்தம்பழத்திலும் கண் வையுங்கள். நம் கடைகளில் பேரீத்தம்பழம் என்று ஒரே பெயர்தான். அங்கே கலாஸ், ஃபர்த், லூலு, நகால் என்று ரகம் ரகமாகப் பெயர். காயாக மஞ்சளோ சிவப்போ ஆகும்போது ஒரு பெயர், பாதி கனிந்து தேனாய் இருக்கும்போது 'ருதப்', உலர்ந்தபின் 'தமர்'. அல் ஐன் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் சுற்றி ஒவ்வொன்றையும் ருசித்து விலை கேட்டு எழுதிக்கொண்டு வந்தால், ரமழான் சீசனில் நம் கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சே மாறிவிடும். எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்பவனிடம்தான் ஜனங்கள் திரும்ப வருவார்கள்.

எப்படிப் போவது?

பெரிய செலவு இல்லை. துபையில் அல் குபைபா பஸ் நிலையத்திலிருந்து அல் ஐனுக்கு பஸ் உண்டு, அபுதாபியிலிருந்தும் உண்டு. அல் ஐன் சோலைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. 2022 ஜனவரி முதல் அமீரகத்தின் அரசு விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது. வெள்ளி அரை நாள். உங்கள் கம்பெனியில் என்றைக்கு லீவோ அன்றைக்கு அதிகாலையில் கிளம்பினால் இரவு ரூமுக்குத் திரும்பிவிடலாம். நான்கு நண்பர்கள் சேர்ந்து போங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை இதமான காலம். கனிந்த ருதப் பழம் வேண்டும் என்றால் கோடையில்தான் போக வேண்டும். அப்போது பகல் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். காலையிலும் மாலையிலும் மட்டும் நடங்கள், தண்ணீர் கூடவே இருக்கட்டும். பெண்களைப் படம் எடுக்காதீர்கள். யாரையும் அனுமதி கேட்காமல் எடுக்காதீர்கள். தோட்டத்து மரத்தில் கை வைக்காதீர்கள். அவை தனியார் தோட்டங்கள். எல்லையைக் கடந்து புரைமி போக நினைத்தால் பாஸ்போர்ட்டும் விசா விதியும் பார்த்துவிட்டுப் போங்கள்.

சோலைக்குள் ஒரு மனிதரை மறக்காமல் பாருங்கள். முண்டாசு கட்டி, இடுப்பில் கயிறு போட்டு மரத்தில் ஏறி, மகரந்தம் வைத்துக்கொண்டிருப்பார். பேரீத்தமரத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கையால் மகரந்தம் வைத்தால்தான் நல்ல காய்ப்பு. அப்படி ஏறி நிற்பவர் இன்று பெரும்பாலும் வங்கதேசத்துக்காரராகவோ பாகிஸ்தானியாகவோ நம் நாட்டவராகவோ இருப்பார். அரபு நாட்டின் மூவாயிரம் ஆண்டுக் கலை இன்று நம் பக்கத்து உழைப்பாளிகளின் கைகளில் உயிரோடு இருக்கிறது. அவருக்கு ஸலாம் சொல்லுங்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். உலகப் பாரம்பரியச் சின்னத்தில் அவருடைய வியர்வையும் கலந்திருக்கிறது. எந்தப் பலகையிலும் அவர் பெயர் இருக்காது. உங்கள் நினைவிலாவது இருக்கட்டும்.

சகோதரர்களே! சம்பாதிக்கப் போகிறீர்கள், சம்பாதியுங்கள். கடனை அடையுங்கள், வீடு கட்டுங்கள், தங்கைகளைக் கரை சேருங்கள். அதோடு ஒரே ஒரு விடுமுறை நாளை அந்த ஊற்றுக்கு ஒதுக்குங்கள். போய் வந்து, அந்த வாரம் ஊருக்கு போன் பேசும்போது எவ்வளவு அனுப்பினேன் என்பதோடு எதைப் பார்த்தேன் என்பதையும் உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஃபலஜ் என்றால் என்ன, முதல் தண்ணீர் யாருக்கு, கடைசித் தண்ணீர் யாருக்கு என்று சொல்லுங்கள். வாப்பா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பொம்மை உடைந்துவிடும். அந்தப் பங்கீட்டுக் கணக்கு பிள்ளையின் மனதில் நிற்கும். நாளை அவன் ஊர்ப் பொறுப்புக்கு வரும்போது உதவும்.

நல்ல பயணங்களை அல்லாஹ் நம் அனைவருக்கும் எளிதாக்குவானாக! வஸ்ஸலாம்.